கையொப்பம் வைப்பதற்கு முன்னர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், முதியோர் நலக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு ஒன்றுகூடலில் பேசுவதற்கு இது உகந்த பொருளா என்று செயற்குழுவில் ஒரு சகோதரி கேட்டார். விழா மேடை, பட்டுச்சேலை, பழைய பாட்டு, பழைய நினைவு. இவற்றுக்கு நடுவில் சொந்த வீட்டிலேயே வதைபடும் முதியவர்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். பதிலுக்காக அங்கத்தவர் பதிவேட்டை எடுத்து, அறுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினோம். எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் நால்வருமே அந்தக் கணக்குக்குள் வருகிறோம் என்று கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. பதிவேட்டை மூடிவிட்டோம். கேள்வியும் அதோடு முடிந்தது.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். இன்று அந்தத் தொகை இன்னும் கூடியிருக்கிறது. வடக்கில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, தாய் மட்டும் நாற்சார் வீட்டில் தனியே இருக்கிறார். அல்லது தாயும் அங்கே போய், குளிர்நாட்டில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறார். இந்த மலரை வாசிக்கப்போகும் உங்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை அறிவீர்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. அரசாங்கக் கடிதங்களில் 'முதியோர் துஷ்பிரயோகம்' என்று எழுதுகிறார்கள். எங்கள் பெண்களின் காதில் அந்தச் சொல் வேறு அர்த்தத்தில்தான் விழுகிறது. 'சீ, அப்படியொன்றும் எங்கடை வீட்டிலை இல்லை' என்று உடனே கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆகவே நாங்கள் 'துன்புறுத்தல்' என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கம் இதைவிட விரிவானது. நம்பிக்கைக்குரிய உறவு ஒன்றுக்குள் முதியவருக்குத் தீங்கையோ மனவேதனையையோ உண்டாக்கும் ஒரு செயல், அது ஒருமுறை நடந்தாலும் பலமுறை நடந்தாலும். செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அதற்குள் அடங்கும். அடிப்பது மட்டுமல்ல. ஏசுவது, பேசாமல் விடுவது, மருந்து வாங்கிக் கொடுக்காமல் விடுவது, பென்சன் காசை எடுத்துக்கொள்வது, அறையில் வைத்துப் பூட்டுவது எல்லாமே இதுதான். உலகளவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் ஆறு பேருக்கு ஒருவர், ஓராண்டுக்குள் இவற்றில் ஏதோவொன்றை அனுபவிக்கிறார் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. யூன் மாதம் 15ஆம் திகதியை இதற்கான விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2011இல் ஏற்றுக்கொண்டது. ஒக்ரோபர் முதலாம் திகதி முதியோர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். யூன் 15 எங்கள் ஊர்களில் சத்தமில்லாமல் கடந்துபோகிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. செய்திருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம்தான் அடிப்படை. 2011இல் அது திருத்தப்பட்டது. அறுபது வயதை அடைந்த எவரும் இந்தச் சட்டத்தின்படி முதியவர். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. முதியோருக்கான தேசிய சபை, தேசிய செயலகம், கிராமத்திலிருந்து மேலே செல்லும் முதியோர் சங்கங்கள், முதியோர் அடையாள அட்டை எல்லாம் இதன் வழியாக வந்தவை. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். முதியோருக்குச் சேவை வழங்கும் இல்லங்களும் நிறுவனங்களும் பதிவு செய்யப்படவேண்டும். உங்கள் தாயாரை ஓர் இல்லத்தில் சேர்க்க நினைத்தால், பூந்தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னர் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

அதே சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே பராமரிக்க வசதியில்லாத பெற்றோர், பிள்ளைகள் மாதாந்தம் ஒரு தொகை தரவேண்டும் என்ற கட்டளையைக் கேட்டு இங்கே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றப் படியேறி நிற்கவேண்டிய கூச்சத்தைக் குறைப்பதற்காகவே இப்படியொரு சபை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டளையால் காசைத்தான் வரவைக்கலாம். 'அம்மா சாப்பிட்டீங்களோ' என்ற கேள்வியை வரவைக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் எங்களைப் போன்ற பாடசாலைகளின் பழைய மாணவிகளுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஒரு சகோதரியின் கதையைச் சொல்லவேண்டும். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

அவர் கணித ஆசிரியை. தம்பிமாரைப் படிப்பித்து, தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்து, தான் கலியாணம் செய்யாமலே இருந்துவிட்டார். எங்கள் கல்லூரியிலிருந்து போய் ஆசிரியைகளான பெண்களில் இப்படி எத்தனை பேர் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓய்வு பெற்றதும் தன் பெயரில் இருந்த வீட்டையும் வளவையும் தம்பியின் மகனுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார். 'கடைசிக் காலத்திலை பார்ப்பான்தானே' என்ற நம்பிக்கை. சீவிய உரித்து வைக்கவில்லை. 'பெறாமகனிட்டைப் போய் அதைக் கேக்கிறதோ' என்று கூச்சப்பட்டாராம்.

நாங்கள் முதல்முறை போனபோது விறாந்தையில் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். ரீச்சர் வெளியே வந்து இருந்தார். 'எனக்கென்ன குறை பிள்ளையள், சாப்பாடு தருகினம், ஒரு பக்கத்திலை இருக்கிறன்' என்றார். அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை வாசல் நிலையைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை போனபோது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் கொடியில் கிடந்த உடுப்பு எடுக்க ஓடிய சில நிமிடத்தில் ரீச்சர் சொன்னது இரண்டே விடயம். 'என்ரை காட் அவனிட்டை. கண்ணாடி உடைஞ்சு மூண்டு மாதம்.' காட் என்றது ஓய்வூதியம் விழும் வங்கி அட்டையை. இரகசிய இலக்கமும் அவனிடம்தான். வாழ்நாள் முழுவதும் எண்களோடு வாழ்ந்தவருக்குத் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பத்திரிகை வாசிக்கக் கண்ணாடியும் இல்லை.

பராமரிப்புச் சபைக்குப் போவோமா என்று யோசித்தோம். அந்தக் கதவு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. பெறாமகன் பிள்ளை அல்ல. கலியாணம் செய்யாத அக்காவும் பெரியம்மாவும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லை. தம்பிமார் வீட்டில், தங்கைமார் வீட்டில், பெறாமக்கள் வீட்டில் ஒரு அறையில் இருக்கும் பெண்களுக்காக இந்தச் சட்டம் திருத்தப்படவேண்டும் என்று இந்தச் சங்கம் எழுத்தில் கேட்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். நூறு வருடச் சங்கம் எழுதும் கடிதத்தைக் குப்பைக்கூடையில் போடச் சற்று யோசிப்பார்கள்.

இன்னொரு கதவு இருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுத்தல் சட்டம். கணவன் மனைவி பிரச்சினைக்கு மட்டும் உரியது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெற்றோர், பாட்டன் பாட்டி, மகன், மகள், பேரப்பிள்ளை, சகோதரர், சகோதரரின் பிள்ளை என்று அதன் வட்டம் பெரிது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளை. அடி உதை மட்டுமன்றி, கொடூரமாகவும் அவமானப்படுத்தும் வகையிலும் தொடர்ந்து நடத்தப்படுவதும் இந்தச் சட்டத்தில் அடங்கும். கட்டளை மீறப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சமூகப் பணியாளர் ஒருவரை நீதவான் நியமிக்கலாம்.

ரீச்சரிடம் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. 'என்ரை தம்பியின்ரை பிள்ளையைக் கோட்டிலை ஏத்துறதோ? எனக்குக் கண்ணாடி காணும்' என்றார்.

சட்டம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தைக் கேட்டிருக்கவேண்டும். அரசின் எல்லாக் கதவுகளும் முறைப்பாடு என்ற ஒரே சாவியால்தான் திறக்கின்றன. அந்தச் சாவியைக் கையில் எடுக்க எங்கள் தாய்மாருக்கு மனம் வராது. பயம் ஒரு காரணம், இரவில் அதே வீட்டில்தானே படுக்கவேண்டும். வெட்கம் இன்னொன்று. ஆனால் இரண்டையும்விடப் பாசம்தான் கூடத் தடுக்கிறது. தான் வளர்த்த பிள்ளை கெட்டபிள்ளை என்று ஒரு கடுதாசியில் எழுதிக் கையொப்பம் வைப்பதைவிட, பட்டினி கிடப்பது அவர்களுக்கு இலகு.

கடைசியில் வேலை நடந்தது ஓர் உத்தியோகத்தரின் சாதுரியத்தால். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு நிலைமையைச் சொன்னோம். இளம் பெண். எங்களைவிட நன்றாக அவருக்கு விளங்கியது. முறைப்பாட்டு விசாரணை என்று போகாமல், முதியோர் அடையாள அட்டை சம்பந்தமாக என்று ஒரு கோப்போடு போனார். விண்ணப்பதாரியைத் தனியாகக் கண்டு கையொப்பம் எடுக்கவேண்டும் என்று வீட்டுக்காரரை அறையை விட்டு வெளியே நிற்கச் சொன்னார். அரை மணித்தியாலம் பேசினார். அடுத்த கிழமை ரீச்சரை வங்கிக்குக் கூட்டிப்போக நாங்கள் ஓட்டோவோடு நின்றோம். புதிய அட்டை, புதிய இலக்கம். வங்கியிலிருந்து நேரே கண்ணாடிக் கடைக்கு.

ரீச்சர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பெறாமகன் சில காலம் முகம் கொடுக்கவில்லை, பிறகு வழமைக்கு வந்துவிட்டார். மாதாமாதம் அந்த வீட்டுச் சின்னப்பிள்ளையின் ரியூசன் காசு இப்போதும் ரீச்சரின் ஓய்வூதியத்திலிருந்துதான் போகிறது. தானே எடுத்துக் கொடுக்கிறார். சட்டப் புத்தகத்தில் இதற்கு வெற்றி என்று பெயர் இருக்குமோ தெரியாது. ரீச்சர் பத்திரிகை வாசிக்கிறார்.

அப்படியான உத்தியோகத்தர் எத்தனை வீட்டுக்குப் போகமுடியும்? யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகள். சராசரியாக ஒரு பிரதேசத்துக்கு 29 பிரிவுகள். கொடுப்பனவுப் பட்டியல், முதியோர் தின விழா, சங்கக் கூட்டம் எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில்தான் வீட்டுப் படலை திறக்கப்படுகிறது. குறை அந்தப் பிள்ளைகளுடையதல்ல.

அரசாங்கத்திடம் ஒரு சிறு மாற்றத்தைக் கேட்கலாம். ஓய்வூதியம் பெறுகிறவர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிறார். உயிரோடு இருக்கிறாரா என்று அரசு வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறது. எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. அந்தப் படிவத்துக்காகக் கிராம அலுவலர் முதியவரைக் காணும் நேரத்தில், வீட்டார் பக்கத்தில் இல்லாமல் இரண்டு கேள்வி கேட்கலாம். உங்கள் வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது வைத்தியரிடம் போனீர்கள்? இதற்குப் புதிய திணைக்களம் எதுவும் தேவையில்லை.

இனி, நாங்கள் முக்கியமாகப் பேச வந்த விடயம். கையொப்பம்.

எங்கள் குழு கடந்த சில ஆண்டுகளில் கண்ட துன்பங்களில் பெரும்பாலானவற்றின் வேர் ஓர் உறுதியில் இருந்தது. நன்கொடை உறுதி, சீதன உறுதி, அல்லது அற்றோனித் தத்துவம். அடி வயிற்றில் விழுவதற்கு முன்னர் கையொப்பம் கடுதாசியில் விழுந்திருக்கும். அரசின் சட்டங்கள் பிந்தித்தான் வருகின்றன. கையொப்பத்துக்கு முந்திய நாள் வருவதற்கு எந்த உத்தியோகத்தருக்கும் வழியில்லை. சிநேகிதிக்கு வழியுண்டு.

இது இன்று நேற்று வந்த நோயுமல்ல. தேசவழமை எங்களுக்குத் தெரிந்ததுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டார்கள். சீதனத்துக்கும் முதுசத்துக்கும் அதைப் புரட்டுகிறோம். பெற்றோரைப் பற்றி அதில் உள்ள ஒரு பகுதியை யாரும் புரட்டுவதில்லை. முதுமையடைந்த பெற்றோரின் சொத்தை, வாழ்நாள் முழுவதும் அவர்களைப் பராமரிப்போம் என்ற பொறுப்போடு ஆண்மக்கள் பங்கிட்டுக்கொள்வதும், பிறகு பராமரிக்காமல் விடுவதும், வறுமைப்பட்ட பெற்றோர் ஒல்லாந்தத் தளபதியிடம் வந்து முறையிடுவதும் அனுபவத்தில் கண்டதாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் அதே முறைப்பாடு. அன்று தளபதியின் வாசல், இன்று பிரதேச செயலாளரின் வாசல். 'அந்தக் காலத்திலை இப்பிடியெல்லாம் இல்லை' என்று யாராவது பெருமூச்சு விட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்றைய நிலை என்ன? மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடை உறுதியை, கொடுத்தவர் நினைத்தபடி இன்னோர் உறுதி எழுதி ரத்துச்செய்ய முடியாது. வாங்கியவர் மிக மோசமாக நன்றி மறந்து நடந்தார் என்று நீதிமன்றத்தில் காட்டி, தீர்ப்புப் பெற்றுத்தான் நீக்கலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. வழக்குப் போடுவதற்குக் காலவரையறை உண்டு, ஆகவே பொறுத்துப் பார்ப்போம் என்று வருடக்கணக்கில் இருந்துவிடாமல் சட்டத்தரணியைக் காணவேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்; 1978ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடச் சுலபமான வழி வைத்திருக்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தக் கைமாற்றத்தைத் தீர்ப்பாயமே செல்லாததாக்கலாம். சென்னையில் இருக்கும் எங்கள் சகோதரிகள் அதை அறிந்திருப்பது நல்லது. இங்கேயும் அப்படியொன்று வரவேண்டும்.

வரும்வரைக்கும் எங்கள் கையில் இருப்பது முன்யோசனைதான். வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா? மரணசாதனம் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். வீடு உங்களுடையதாகவே இருக்கும். உறுதிதான் எழுதுவது என்றால் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுடையது. பிள்ளை கோபிக்குமோ என்று யோசிக்கவேண்டாம். கோபிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்த வரி இன்னும் அவசியம். பிள்ளை கூட்டிவரும் நொத்தாரிசிடம் அல்லாமல், நீங்களே தெரிந்தெடுத்த நொத்தாரிசிடம் போங்கள். எழுதியதைத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காவிட்டால், வகுப்பில் செய்ததுபோலக் கையை உயர்த்துங்கள். அன்றைக்கே கையொப்பம் வைக்கவேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அதுவே வைக்காமல் வருவதற்குப் போதிய காரணம்.

அற்றோனித் தத்துவத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'வங்கி அலுவல் பார்க்க' என்று சொல்லிக் கையொப்பம் வாங்கிய பத்திரத்தில், காணி விற்கும் அதிகாரமும் எழுதப்பட்டிருந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஓர் அலுவலுக்கு என்றால் அந்த ஓர் அலுவலை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும், இதை மலரில் வாசிக்கப்போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள்.

அம்மாவை ஊரில் விட்டுச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள். மாதம் தவறாமல் காசு அனுப்புகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறீர்கள். அந்தத் தொலைபேசியைப் பிடித்திருப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில், பகலில் அறைக்கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கதிரையில் இருத்திப் படம் காட்டினார்கள். மகள் பொல்லாதவரல்ல, அவருக்குத் தெரியவில்லை. வாரநாளில் நேரம் சொல்லாமல் எடுங்கள். முகத்தை மட்டும் பாராமல் கைவிரல் நகத்தையும் கால்களையும் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் திறப்பும் உரிமையும் கொடுங்கள். சம்பளத்துக்கு நிற்கும் ஆள் தீங்கு செய்தால் வீட்டு வன்முறைச் சட்டத்தில் இடமில்லை; அது சாதாரண குற்றவியல் விடயம், பொலிசுக்குத்தான் போகவேண்டும். அவசரத்துக்கு 119. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள் துன்பப்படும் பெண் அங்கே இரகசியமாகப் பேசலாம். வயது போனவர்களும் போகலாம் என்பதை நாங்கள் திரும்பத்திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

அம்மாவை அங்கே கூப்பிட்டவர்களுக்கு வேறு. பேரப்பிள்ளை பார்க்கவும் சமைக்கவும் என்று கூப்பிட்டு, முரண்பாடு வந்ததும் 'திருப்பி அனுப்பிவிடுவோம்' என்று பயமுறுத்துவதைக் கனடாவிலிருந்து எழுதிய கடிதங்களில் வாசித்திருக்கிறோம். அது வெறும் வெருட்டு. பொறுப்பேற்று அழைக்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்ற தாயை, பிள்ளை கோபித்தால் திருப்பி அனுப்ப முடியாது. 2014இலிருந்து பெற்றோரைக் கூப்பிடுகிறவர் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 வருடங்களுக்கு அவர்களுடைய அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பு ஏற்றிருக்கிறார். அந்தப் பொறுப்பு பிள்ளையைக் கட்டுகிறது, தாயை அல்ல. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்து வருட வதிவு வேண்டும் என்பதால், அதற்கு முன் தாயின் கையில் ஒரு சதமும் இருக்காது. அந்தப் பத்து வருடம்தான் ஆபத்தான காலம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று சந்தேகம் வந்தால் உள்ளூராட்சிச் சபை விசாரிக்கக் கடமைப்பட்டது. ஆங்கிலம் தெரியாது என்று தயங்கினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உங்கள் கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரு மூலையில் பேசாமல் இருக்கும் அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

யாருமே இல்லாதவர்களுக்கு இல்லங்கள் இருக்கின்றன. கைதடியில் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் கீழ் ஒன்று இயங்குகிறது. அங்கே போவதைக் குடும்பத்துக்கு மானக்கேடு என்று நினைத்து, பூட்டிய அறையில் கிடப்பதை மானம் என்று நினைக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. எது மானக்கேடு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக, எங்கள் குழு செய்யவிருப்பது. தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிமுதல் கல்லூரிப் பழைய நூலக அறையில் இருப்போம். பழைய மாணவியான சட்டத்தரணி ஒருவர் முறைவைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதப்போகும் உறுதியின் நகலைக் கொண்டுவாருங்கள். கையொப்பம் வைப்பதற்கு முன்னர் வாசித்துக் காட்டுவோம், காசு இல்லை. வீட்டைவிட்டு வர முடியாதவர்களிடம் இருவர் இருவராக நாங்கள் வருவோம். ஏன் வந்தீர்கள் என்று வீட்டார் கேட்டால், நூற்றாண்டு மலர் கொடுக்க வந்தோம் என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறோம். அதற்காகவே ஐம்பது பிரதிகள் மேலதிகமாக அச்சிடுகிறார்கள். முகவரிகள் எங்களுக்கு வேண்டும். உங்கள் வகுப்பில் படித்தவர்களில் இரண்டு வருடமாகக் குரல் கேட்காதவர் யாராவது இருந்தால், பெயரை எழுதிப் போகும்போது வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.